ராத்திரி உடம்புக்கு முடியலைன்னா எங்கே போறது? விழுப்புரம், திண்டிவனம் மக்களுக்கு ஒரு கைடு!

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். வாரத்துக்கு மொத்தம் 168 மணி நேரம். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.பி ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்தில் 6 நாள் நடக்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். 48 மணி நேரம்தான் வருகிறது. மீதி 120 மணி நேரம்?

காய்ச்சல், வாந்தி, மூச்சுத்திணறல், நெஞ்சுவலி எதற்கும் டைம்டேபிள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மதியமும் வரும், தீபாவளி ராத்திரியும் வரும். அந்த நேரத்தில் பெரும்பாலான வீடுகளில் இரண்டே பேச்சுதான். ஒன்று, 'காலையில பாத்துக்கலாம்.' இன்னொன்று, 'உடனே வண்டியை எடு, பாண்டிச்சேரி போயிடலாம்.' இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வழிகள் பல பேருக்குத் தெரிவதில்லை. அவற்றைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

தாமதம் எங்கே ஆகிறது?

1994-ல் செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பிரசவகால மரணங்களைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரை உலகம் முழுக்கப் பேசப்பட்டது. ஓர் உயிர் போவதற்குக் காரணமான தாமதத்தை அவர்கள் மூன்றாகப் பிரித்தார்கள்.

* முதல் தாமதம்: ஆஸ்பத்திரிக்குப் போகலாமா வேண்டாமா என்று வீட்டில் முடிவெடுக்க ஆகும் நேரம்.
* இரண்டாவது தாமதம்: வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர ஆகும் நேரம்.
* மூன்றாவது தாமதம்: போய்ச் சேர்ந்த பிறகு சரியான சிகிச்சை கிடைக்க ஆகும் நேரம்.

பிரசவத்துக்காகச் சொன்ன இந்தக் கணக்கு மாரடைப்பு, பக்கவாதம், பாம்புக்கடி என எல்லாவற்றுக்கும் பொருந்தும். இரண்டாவதும் மூன்றாவதும் பெரும்பாலும் அரசாங்கம், சாலை, ஆம்புலன்ஸ், மருத்துவர்கள் சம்பந்தப்பட்டவை. முதல் தாமதம் மட்டும் நம் வீட்டு ஹாலில் நடக்கிறது. அதைக் குறைப்பதற்குப் பணம் தேவையில்லை, முன்கூட்டியே தெரிந்துவைத்திருந்தால் போதும்.

'ஒரு மணி நேரம் முன்னபின்ன ஆனா என்ன?' என்று கேட்பவர்களுக்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பதில் இருக்கிறது. தீவிர மாரடைப்பு நோயாளிகளுக்காக 2012-ல் இங்கே ஓர் ஆய்வுத் திட்டம் தொடங்கியது. சின்ன மருத்துவமனைகள், பெரிய மருத்துவமனைகள், ஆம்புலன்ஸ் மூன்றையும் ஒரே வலைப்பின்னலாக இணைத்தார்கள். நோயாளி எங்கே வந்தாலும் சீக்கிரம் ஈ.சி.ஜி, சீக்கிரம் சிகிச்சை, தேவைப்பட்டால் பெரிய மருத்துவமனைக்கு மாற்றம். 2,420 நோயாளிகளைக் கவனித்த அந்த ஆய்வின் முடிவு 2017-ல் வெளியானது. ஒரு வருடத்துக்குள் இறந்தவர்களின் விகிதம் 17.6 சதவிகிதத்திலிருந்து 14.2 சதவிகிதமாகக் குறைந்திருந்தது. நூறு பேரில் மூன்று பேருக்கு மேல் கூடுதலாக உயிரோடு இருக்கிறார்கள். பராமரிப்பை ஒழுங்குபடுத்தினாலே இவ்வளவு வித்தியாசம்.

வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள்?

ராத்திரி மருத்துவம் எல்லா நாட்டுக்கும் தலைவலிதான். டென்மார்க் 1992-ல் ஒரு மாற்றம் கொண்டுவந்தது. கிளினிக் மூடிய பிறகு யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதலில் போன் செய்ய வேண்டும், எதிர்முனையில் பேசுபவர் ஒரு குடும்ப மருத்துவர். போனிலேயே ஆலோசனை பெறுபவர்கள் அதிகமானார்கள், மருத்துவர் வீடு தேடிப் போவது குறைந்தது. நெதர்லாந்தில் ஒரு பகுதியின் குடும்ப மருத்துவர்கள் சேர்ந்து முறைவைத்து, மாலை 5 மணியிலிருந்து காலை 8 மணி வரை ஒரே மையத்தில் பார்க்கிறார்கள். அங்கேயும் முதலில் போன். இங்கிலாந்தில் அவசரம் ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை என்ற நிலைமைக்கு 111 என்ற தனி எண் இருக்கிறது.

மூன்று நாட்டிலும் பொதுவான விஷயம் இதுதான்: ராத்திரியில் முதல் கேள்வி 'எங்கே போவது' இல்லை, 'இது எவ்வளவு அவசரம்' என்பது. அதற்குப் பயிற்சி பெற்ற ஒருவர் போனில் பதில் சொல்கிறார். நம்மிடமும் அப்படி ஓர் எண் இருக்கிறது.

நம்ம ஊரில் ராத்திரி திறந்திருக்கும் கதவுகள்

*104:* தமிழ்நாடு அரசு 2013-ல் தொடங்கிய மருத்துவ ஆலோசனை எண். 24 மணி நேரமும் இலவசம். 'குழந்தைக்கு 102 டிகிரி காய்ச்சல், இப்போ கிளம்பணுமா?', 'பிரஷர் மாத்திரையை மறந்து ரெண்டு தடவை போட்டுட்டாங்க, என்ன பண்றது?' போன்ற கேள்விகளுக்கு இதுதான் இடம். எல்லோருக்கும் 108 மனப்பாடம், 104 பல பேருடைய போனில் சேமிக்கப்படவே இல்லை.

*108:* உயிருக்கு ஆபத்து என்றால் இதுதான். தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் தொடங்கியது. ஒரு ரூபாய்கூடத் தர வேண்டியதில்லை. வண்டியில் மருத்துவ உதவியாளர் இருப்பார், ஆக்சிஜன் இருக்கும். வாடகை காரில் இந்த இரண்டும் கிடையாது.

*ஆரம்ப சுகாதார நிலையம்:* 'ராத்திரி பூட்டிடுவாங்க' என்று நினைப்பவர்கள் நிறைய. தமிழ்நாட்டில் செவிலியர்கள் ஷிப்ட் முறையில் 24 மணி நேரமும் பணியில் இருக்கும் வகையில்தான் இந்த நிலையங்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன. பிரசவத்துக்காக வந்த ஏற்பாடு இது. ஆனால், முதலுதவிக்கும் அதே கதவைத் தட்டலாம். மாரடைப்பு அறிகுறியோடு வருபவர்களுக்கு உடனே கொடுக்க வேண்டிய முதல்கட்ட மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் இருப்பு வைக்கும் 'இதயம் காப்போம்' திட்டம் 2023-ல் தொடங்கப்பட்டது. ஆனால், ராத்திரியில் மருத்துவர் அங்கேயே இருப்பார் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். விழுப்புரம் மாவட்டத்தில் 13 ஒன்றியங்கள். உங்கள் ஒன்றியத்தில் படுக்கை வசதியுள்ள மேம்படுத்தப்பட்ட நிலையம் எது என்பதைப் பகலிலேயே கேட்டுவையுங்கள்.

*நகர்ப்புற நலவாழ்வு மையம்:* நகராட்சிக்குள் இருப்பவர்களுக்கு இது வரப்பிரசாதம். 2023 ஜூனில் ஒரே நாளில் மாநிலம் முழுக்க 500 மையங்கள் திறக்கப்பட்டன. காலை 8 முதல் 12 வரை, மாலை 4 முதல் 8 வரை என்ற நேரத்தைக் கவனியுங்கள். வேலைக்குப் போய்த் திரும்புபவர்களுக்காகவே வைத்த நேரம் அது.

*அரசு மருத்துவமனைகள்:* திண்டிவனம், செஞ்சி அரசு மருத்துவமனைகள் ஒரு படி மேலே. அதற்கும் மேலே முண்டியம்பாக்கத்தில் இருக்கும் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 2010-ல் வந்த கல்லூரி இது. விழுப்புரத்திலிருந்து சென்னை ரோட்டில் சுமார் 10 கி.மீ. வெளியூரிலிருந்து புதிதாகக் குடிவந்தவர்கள் 'மெடிக்கல் காலேஜ்' டவுனுக்குள்ளேயே இருப்பதாக நினைத்துத் தேடக்கூடும், உஷார்.

*ஜிப்மர்:* திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி ரோட்டில் போனால் ஊருக்குள் நுழைவதற்கு முன்பே, கோரிமேட்டில் ஜிப்மர் வந்துவிடும். நம் மாவட்ட மக்களுக்குப் பெரிய நம்பிக்கை அது. ஆனால், எல்லாவற்றுக்கும் நேராக அங்கே ஓடுவது சரியில்லை. திண்டிவனம் ஜி.எச்-சில் 10 நிமிடத்தில் ஈ.சி.ஜி எடுத்திருக்க வேண்டியவர், சுமார் 40 கி.மீ பயணம் முடியும் வரை எந்தச் சிகிச்சையும் இல்லாமல் காரில் உட்கார்ந்திருப்பார். நெஞ்சுவலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் பெரிய ஆஸ்பத்திரியைவிடப் பக்கத்து ஆஸ்பத்திரி முக்கியம். அங்கே முதல் சிகிச்சை, பிறகு ஆம்புலன்ஸில் மாற்றம்.

சிவப்பு, மஞ்சள், பச்சை

முதல் தாமதத்தைக் குறைக்க ஒரு சிக்னல் போர்டு போல இதை மனதில் வையுங்கள்.

சிவப்பு: யோசிக்க வேண்டாம், உடனே 108.

* நெஞ்சில் அழுத்தம், இறுக்கம். இடது கை, தாடை, முதுகுக்குப் பரவும் வலி. காரணமில்லாமல் வியர்த்துக் கொட்டுவது. சர்க்கரை நோயாளிகளுக்கு வலி குறைவாகவே தெரியலாம். 'கேஸ் டிரபுள்' என்று சோடா குடிக்கவைத்து நேரத்தைக் கடத்தாதீர்கள்.
* முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க முடியாமல் போவது, பேச்சு குழறுவது. பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி நான்கரை மணி நேரத்துக்குள் போடப்பட வேண்டும். அறிகுறி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்.
* மூச்சுவிடத் திணறல், உதடு நீலமாவது, நினைவு தப்புவது, நிற்காத வலிப்பு.
* பாம்புக்கடி. கடித்த இடத்தைக் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். மோதிரம், கொலுசைக் கழற்றிவிட்டு, கை காலை அசைக்காமல் கொண்டுபோங்கள். பாம்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டிய அவசியமில்லை.
* பூச்சிமருந்து, எலி பேஸ்ட் போன்ற விஷம் எதுவும் உடலுக்குள் போயிருந்தால். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தியெடுக்க வைக்காதீர்கள். பாட்டிலை அல்லது பாக்கெட்டை மட்டும் கையோடு எடுத்துப்போங்கள்.
* கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கு, பனிக்குடம் உடைவது, தாங்க முடியாத தலைவலி, கண் மங்குவது, குழந்தையின் அசைவு குறைவது.
* மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல். எந்த வயதுக் குழந்தையானாலும் பால், தண்ணீர் குடிக்காமல் துவண்டு கிடப்பது.

மஞ்சள்: முதலில் 104. அவர்கள் சொல்வதைப் பொறுத்து இன்றிரவே பக்கத்து அரசு மருத்துவமனை அல்லது காலையில் ஓ.பி.

* காய்ச்சல் இருந்தாலும் நடுவில் தெளிவாகப் பேசுகிற, தண்ணீர் குடிக்கிற நோயாளி.
* வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தும் ஓ.ஆர்.எஸ் கரைசல் உள்ளே தங்குகிறது என்ற நிலை. சிறுநீர் போவது குறைந்தால் காத்திருக்கக் கூடாது.
* காதுவலி, சிறுநீர் எரிச்சல், தையல் தேவைப்படலாம் என்று தோன்றும் வெட்டுக்காயம்.
* நாய்க்கடி. முதலில் 15 நிமிடம் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். தடுப்பூசியை 'நாளைக்கு, நாளன்னைக்கு' என்று தள்ளிப்போடக் கூடாது.

பச்சை: சளி, லேசான தொண்டைக் கரகரப்பு, பழைய மூட்டுவலி, மூச்சுக்குத் தொந்தரவு இல்லாத லேசான அரிப்பு. தாராளமாகக் காலையில் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. டெங்கு சீசனில் காய்ச்சல் இறங்கியதும் நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள். காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்தான கட்டம் ஆரம்பிக்கலாம். வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிடுவது தெரிந்தால் அது சிவப்பு.

மெடிக்கல் ஷாப் டாக்டர் ஆகலாமா?

ராத்திரி 9 மணிக்குத் திறந்திருக்கும் ஒரே வெளிச்சம் மெடிக்கல் ஷாப்தான். 'அண்ணே, காய்ச்சலுக்கு ரெண்டு வேளைக்குக் குடுங்க' என்று கேட்பது நமக்குப் பழக்கம். பாராசிட்டமால், ஓ.ஆர்.எஸ் வாங்குவதில் தப்பில்லை. பிரச்னை அதற்கு மேல் போகும்போதுதான். பல ஆன்டிபயாடிக்குகளை மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. முக்கியமான சிலவற்றுக்கு 2014 மார்ச்சிலிருந்து கட்டுப்பாடு இன்னும் கடுமை. கடைக்காரர் அவற்றை விற்றதைத் தனிப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். டெங்கு சந்தேகம் இருக்கும் காய்ச்சலில் ஆஸ்பிரின், இப்யூபுரூஃபன் போன்ற வலிமாத்திரைகள் ரத்தக்கசிவை அதிகப்படுத்தும். பல சளி மாத்திரைகளுக்குள்ளேயே பாராசிட்டமால் இருக்கிறது. அதோடு தனியாகவும் பாராசிட்டமால் போட்டால் அளவு கூடி, கல்லீரலைப் பாதிக்கும்.

கடைக்காரரைக் குறை சொல்லி ஆகப்போவது எதுவுமில்லை. காலை ரயிலில் சென்னைக்குக் கிளம்பி, ராத்திரி விழுப்புரம் ஜங்ஷனில் இறங்குபவருக்கு ஓ.பி நேரம் எப்படி ஒத்துவரும்? ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும் என்றால் யாராக இருந்தாலும் தள்ளித்தான் போடுவார்கள். 1981-ல் பென்சான்ஸ்கி, தாமஸ் என்ற ஆய்வாளர்கள் இதையும் கணக்கில் சேர்த்தார்கள். ஆஸ்பத்திரி இருக்கிறதா, தூரமா, செலவு கட்டுப்படியாகுமா என்பதோடு, அதன் நேரமும் நடைமுறையும் மக்களின் வாழ்க்கைக்கு ஒத்துவருகிறதா என்பதும் மருத்துவ வசதியின் ஓர் அளவுகோல் என்றார்கள். மாலை 4 முதல் 8 வரை திறக்கும் மையங்கள் அதனால்தான் முக்கியம். கிராமத்து நிலையங்களிலும் மாலை ஓ.பி வேண்டும் என்று கிராம சபையில் கேட்பது நியாயமான கோரிக்கைதான்.

வண்டி வருவதற்குள்...

108-க்கு போன் செய்யும்போது 'சீக்கிரம் வாங்க' என்று கத்திவிட்டு வைத்துவிடாதீர்கள். ஊர், ஒன்றியம், பக்கத்தில் இருக்கும் கோயில், பள்ளி அல்லது தண்ணீர்த்தொட்டி, நோயாளியின் வயது, என்ன பிரச்னை ஆகியவற்றைச் சொல்லுங்கள். ஹைவேயில் என்றால் எந்தத் திசை என்பதும் முக்கியம். 'விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டி, சென்னை போற பக்கம்' என்றால் டிரைவருக்கு ஒரு யு-டர்ன் மிச்சம். போனை எங்கேஜ் ஆக்காதீர்கள். கிராமம் என்றால் ஒருவர் டார்ச்சோடு மெயின் ரோட்டில் நிற்கட்டும்.

மழைக்காலத்துக்குத் தனித் திட்டம் வேண்டும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ மழை கொட்டியதும், விழுப்புரம் மாவட்டம் தண்ணீரில் தத்தளித்ததும் நமக்கு மறந்திருக்காது. வீட்டில் நிறைமாத கர்ப்பிணியோ டயாலிசிஸ் செய்துகொள்பவரோ இருந்தால், புயல் எச்சரிக்கை வந்த உடனே, ரோடு மூழ்குவதற்கு முன்பே ஆஸ்பத்திரி பக்கம் போய்விடுவது நல்லது. இன்சுலின், பிரஷர் மாத்திரைகளை ஒரு வாரத்துக்கு முன்கூட்டியே வாங்கிவையுங்கள்.

உள்ளே போன பிறகு உங்கள் உரிமை

'முதல்ல பணம் கட்டுங்க', 'இது போலீஸ் கேஸ், நாங்க தொட மாட்டோம்' என்று யாராவது சொன்னால் ஒன்றை ஞாபகம் வையுங்கள். அரசோ தனியாரோ, எந்த மருத்துவராக இருந்தாலும் உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவருக்கு முதலில் சிகிச்சை, சட்ட நடைமுறை எல்லாம் பிறகுதான் என்று 1989-லேயே உச்ச நீதிமன்றம் பரமானந்த் கட்டாரா வழக்கில் சொல்லிவிட்டது.

சாலை விபத்து என்றால், 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் இருக்கிறது. 2021 டிசம்பரில், திண்டிவனத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மேல்மருவத்தூரில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. திட்டத்தில் சேர்ந்திருக்கும் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர சிகிச்சை, அரசு நிர்ணயித்த வரம்புக்குள் இலவசம். வேறு மாநிலத்தவராக இருந்தாலும் பொருந்தும்.

வேறு ஆஸ்பத்திரிக்கு 'ரெஃபர்' செய்தால் மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள்: ரெஃபரல் சீட்டு, எடுத்த ஈ.சி.ஜி அல்லது ரத்தப் பரிசோதனையின் நகல், கொடுத்த மருந்தும் கொடுத்த நேரமும். அடுத்த இடத்தில் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கும் நேரம் மிச்சமாகும்.

மனசுக்கும் ராத்திரி உண்டு

உடம்பு மட்டுமில்லை. தனியாக ரூமில் இருக்கும்போது தாங்க முடியாத பதற்றம், வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வருவதும் பெரும்பாலும் ராத்திரியில்தான். 14416 மத்திய அரசின் டெலி மானஸ் எண். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். 104-லும் மனநல ஆலோசனை கிடைக்கும். நண்பர் யாராவது இப்படிப் பேசினால் 'தூங்கு, சரியாயிடும்' என்று சொல்லி போனை வைக்காமல், அவரோடு லைனில் இருந்தபடியே பக்கத்தில் ஓர் ஆளை அனுப்புங்கள்.

இன்னைக்கே செய்ய வேண்டிய 10 நிமிட வேலை

* போனில் 108, 104, 14416 மூன்றையும் சேமியுங்கள். அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி போனிலும் நீங்களே சேமித்துக் கொடுங்கள்.
* பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தையும் ஜி.எச்-சையும் மேப்பில் சேமித்து, வீட்டிலிருந்து எத்தனை நிமிடம் என்று பாருங்கள். பகலில் ஒருமுறை போகும்போது, ராத்திரி எந்த கேட் திறந்திருக்கும் என்று கேளுங்கள்.
* மத்திய அரசின் 'இ-சஞ்சீவனி' ஆப்பை இறக்கிவையுங்கள். வீடியோவில் மருத்துவரிடம் பேசலாம், மருந்துச் சீட்டு போனுக்கே வரும். மருத்துவர்கள் இருக்கும் நேரத்தை முதலிலேயே பார்த்துவையுங்கள்.
* உங்கள் போன் செட்டிங்ஸில் 'எமர்ஜென்சி' பகுதிக்குப் போய் ரத்த வகை, அலர்ஜி, வீட்டு எண் ஆகியவற்றை நிரப்புங்கள். ஸ்க்ரீன் லாக் ஆகியிருந்தாலும் மற்றவர்களால் அதைப் பார்க்க முடியும்.
* வீட்டில் ஒரு டப்பாவில் தெர்மாமீட்டர், நான்கு பாக்கெட் ஓ.ஆர்.எஸ், பாராசிட்டமால், பஞ்சு, பேண்டேஜ், டார்ச். கர்ப்பிணி இருந்தால் அவரது பரிசோதனை அட்டையும் பிக்மி எண்ணும் அதே டப்பாவில் இருக்கட்டும்.
* ராத்திரி யார் வண்டி ஓட்டுவது, குழந்தையை யார் வீட்டில் விடுவது என்று பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை பேசிவையுங்கள்.

கடைசியாக ஒன்று. வீட்டுப் பெரியவர்கள் சாப்பிடும் மாத்திரைகளின் பெயர் நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது. டியூட்டி டாக்டர் கேட்கும் முதல் கேள்வியே அதுதான். இந்தக் கட்டுரையை ஃபேமிலி குரூப்பில் போட்டுவிட்டு, அப்படியே எழுந்து போய், அம்மாவின் மாத்திரைப் பட்டைகளை இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து அதே குரூப்பில் போடுங்கள்.